துருவுக்குத் தண்ணீர் தரமாட்டேன்

ஜன்னலைத் திறந்து வைத்த குற்றத்துக்காகக் கூட்டம் போட்டுத் திட்டு வாங்கிய ஒரே ஆள் இந்தப் பக்கத்தில் நான்தான். அதுவும் வீட்டு ஜன்னல் இல்லை. பீன்ஸ் குடிலின் கூரை ஜன்னல்.

குடில் என்றால் இரும்புக் கம்பியை வளைத்து, மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, உள்ளே கொடி ஏற்றுகிற நீளமான கூடம். எங்கள் தெருவுக்குப் பின்னால் அவை வரிசையாக நிற்கின்றன. முக்கால்வாசி என் அண்ணனுடையவை. ஒன்றே ஒன்று என்னுடையது. அப்பா பங்கு பிரித்தபோது, "இது சின்னவளுக்கு" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அண்ணன் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. பேருந்து ஓட்டுகிற என் வீட்டுக்காரருக்குப் பயிர் தெரியாது, எனக்கோ வாய் மட்டும்தான் தெரியும், ஆகவே அந்தக் குடிலையும் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவன் முடிவு. சின்ன வயதிலிருந்து அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வாயாடிதான்.

வாயாடியாகவே இருந்துவிட்டுப் போகிறேன். வாயில்லாதவர்கள் என்ன வாழ்ந்துவிட்டார்கள்? என் அண்ணியைக் கேட்டால் தெரியும்.

அந்த வருஷம் மழை நின்று இரவுகள் குளிர ஆரம்பித்ததும் துரு நோய் வந்தது. இலையில் முதலில் ஊசி குத்தினாற்போல வெளிறிய புள்ளி. சில நாளில் அது வெடித்துப் பழுப்புப் பொடி. இரும்புத் துருவை விரலில் தேய்த்தால் எப்படி ஒட்டுமோ அப்படி ஒட்டும். அந்தப் பொடி முழுக்க நோயின் வித்து. காற்றில் பறக்கும், சட்டையில் ஏறிக்கொள்ளும், அடுத்த குடிலுக்கும் போகும். இலை காய்ந்து உதிர்ந்தால் காய் பிடிக்காது. பருவமே கைவிட்டுப் போய்விடும்.

முதலில் ஆற்றோரக் குடில்களில் வந்தது. செய்தி கேட்டதும் எங்கள் விவசாயிகள் சங்கத் தலைவர் கூட்டம் போட்டார். நல்ல மனிதர், ஆனால் யார் கடைசியாகப் பேசுகிறார்களோ அவர்கள் சொல்வதுதான் சரி என்று நினைக்கிற சுபாவம். அன்றைக்குக் கடைசியாகப் பேசியது என் அண்ணன்.

"பொடி காத்துலதான் வருது. அப்போ காத்தை விடாதே. சாயங்காலம் ஆனதும் கூரை ஜன்னல், கதவு எல்லாத்தையும் இறுக்க மூடிடணும். நான் நேத்தே மூடிட்டேன். ஜன்னல் சுத்தற கைப்பிடி அத்தனையும் கழட்டி என் பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். வேலைக்கு வர்றவங்க மறந்துகூடத் திறக்க முடியாது."

எல்லோரும் தலையாட்டினார்கள். தலைவர் அதையே உத்தரவாக்கினார். இன்னொன்றும் சேர்த்துச் சொன்னார். எந்தக் குடிலில் துரு தெரிகிறதோ அந்தக் குடிலில் கொடியைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும், பருவம் முடியும்வரை பூட்டு.

நான் எழுந்தேன். அண்ணன் அப்போதே "ஆரம்பிச்சுட்டாடா" என்று முனகினான்.

"தலைவரே, போன மாசம் இதே எடத்துல பயிர் டாக்டரம்மா வந்து மைக்ராஸ்கோப் வச்சுக் காட்டினாங்களே, யாருக்காவது ஞாபகம் இருக்கா? இல்ல எல்லாரும் தூங்கிட்டு இருந்தீங்களா?"

தூங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். நான் மட்டும் முன்வரிசையில் உட்கார்ந்து அந்தப் பெண்ணைக் கேள்வி கேட்டே களைக்க வைத்தேன். அவர் மூன்று கண்ணாடித் துண்டுகளில் துருப்பொடியைத் தூவி முதல்நாளே தயார்செய்து கொண்டுவந்திருந்தார். ஒன்றில் பொடி மட்டும், உலர்ந்தபடி. இரண்டாவதில் ஒரு சொட்டுத் தண்ணீர், குளிர்ந்த இருட்டில் இரவு முழுக்க வைத்தது. மூன்றாவதிலும் தண்ணீர்தான், ஆனால் கொதிக்கிற வெயிலில் வைத்தது. நான் கண்ணை வைத்துப் பார்த்தேன். உலர்ந்த துண்டில் உருண்டை உருண்டையாக வித்துகள் சும்மா கிடந்தன. வெயிலில் வைத்ததிலும் அப்படியே. குளிரில் ஈரத்தோடு இருந்ததில் மட்டும் ஒவ்வொரு உருண்டையிலிருந்தும் நீளமாக, மெல்லிசாக ஒரு முளை கிளம்பியிருந்தது. அந்த முளை இலையின் மூச்சுத் துளையைத் தேடிக் கண்டுபிடித்து உள்ளே நுழைந்துவிடும் என்றார் டாக்டரம்மா. நுழைவதற்குள் இலை காய்ந்துவிட்டால் முளை செத்துப்போகும், அதற்கு மறுபடி முளைக்கிற தெம்பு கிடையாது என்றும் சொன்னார். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அதைத்தான் கூட்டத்தில் சொன்னேன்.

"பொடி வரத்தான் செய்யும் தலைவரே. பிளாஸ்டிக் தாளை மூடிட்டா மட்டும் வராதா? நம்ம சட்டையிலேயே வருதே. வரட்டும், வந்து இலையில உக்காரட்டும். தண்ணி இல்லாம என்ன பண்ணும்? ராத்திரி எல்லாத்தையும் மூடி வச்சா, மண்ணு விடற ஆவி, இலை விடற ஆவி எல்லாம் மேல போயி, தாள்ல பட்டுக் குளிர்ந்து, சொட்டுச் சொட்டா இலை மேலயே விழும். விடியவிடிய ஈரம். அதுக்குப் பாய் விரிச்சுத் தலகாணி போட்டுக் குடுக்கற மாதிரி இல்ல?"

யாரோ சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை.

"அப்போ நீ திறந்துதான் வைப்பே?"

"திறந்துதான் வைப்பேன். விசிறியும் ஓடும்."

"உன்னால என் குடிலுக்கும் சேர்த்து வரும்."

"வராது."

"வந்தா? உன் குடில்ல ஒரு புள்ளி, ஒரே ஒரு புள்ளி தெரிஞ்சா?"

எனக்குக் கோபம் வந்தால் நாக்கு முதலில் ஓடும், புத்தி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். "தெரிஞ்சா குடில் சாவியை உன் கையில குடுத்துடறேன். இனிமே நீயே வச்சுக்கோ" என்றேன்.

தலைவர் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பின்வரிசையில் அண்ணி மட்டும் என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள், வேண்டாம் என்கிற மாதிரி. சொன்னது சொன்னதுதான்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏன் இப்படி வாயைக் குடுத்து மாட்டிக்கறே? உங்கப்பா உனக்குன்னு குடுத்தது அது ஒண்ணுதான்."

"அதான் மாட்டிக்கிட்டேன். எனக்குன்னு இருக்கறதை எப்படிப் பாக்கணும்னு எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியும்னா சரி" என்றார் அவர். எங்கள் கல்யாண வாழ்க்கை முழுக்க அவர் சொன்ன புத்திசாலித்தனமான வார்த்தை அதுதான். அதையும் ஒரு நாள் அவரே கெடுத்தார். அதைச் சொல்கிறேன்.

அன்றிலிருந்து நான் குடிலே கதி என்று கிடந்தேன். காலையில் வெயில் ஏறிய பிறகுதான் தண்ணீர், அதுவும் வேரில் மட்டும், இலையில் ஒரு துளி படக்கூடாது. அடியிலிருக்கும் நெருக்கமான இலைகளைக் கிள்ளிக் காற்றுக்கு வழிவிட்டேன். சாயங்காலம் கைப்பிடியை மாட்டிக் கிறுகிறுவென்று சுற்றிக் கூரை ஜன்னலை அகலத் திறப்பேன், விசிறியைப் போடுவேன். விடிந்ததும் ஓடிப்போய் இலையைத் தடவிப் பார்ப்பேன். கை நனையாவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கும்.

என் குடில் இரண்டு பாதி. அப்பா முதலில் முன்பாதியைக் கட்டி, கையில் தெம்பு வந்த பிறகு பின்பாதியைச் சேர்த்தார். நடுவில் ஒரு பிளாஸ்டிக் திரை தொங்கும். இரண்டு பாதிக்கும் தனித்தனிக் கூரை ஜன்னல். பின்பாதி ஜன்னல் மழை ஓயும்போது வீசிய காற்றில் கம்பி வளைந்து, திறந்தபடியே மாட்டிக்கொண்டது. மூடவும் வராது, இறக்கவும் வராது. வெல்டர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "உன் குடில் பல்லை இளிச்சுக்கிட்டு நிக்குது பாரு" என்பான். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது.

இந்த நேரம் பார்த்துக் கடைவாய்ப்பல் வந்தது பழிவாங்க. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், கன்னம் பூசணிக்காய் ஆகிவிட்டது. பல் டாக்டர் பிடுங்கி எறிந்தார். வாய் நிறையப் பஞ்சை அடைத்து, ஒரு மாத்திரையும் கொடுத்து, "பேசாதீங்க, படுத்துத் தூங்குங்க" என்றார். வீட்டுக்காரர் அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மாலை குடிலுக்குப் போய் ஜன்னலைத் திறந்து, விசிறியைப் போட்டுவிட்டு வந்து படுத்தேன். அவ்வளவுதான் தெரியும். மாத்திரை அடித்துப் போட்டுவிட்டது.

விடிந்து எழுந்து சாவியைத் தேடினால் ஆணியில் இல்லை.

"உங்கண்ணன் வந்தாரு" என்றார் வீட்டுக்காரர், ஏதோ நல்ல சேதி சொல்கிற மாதிரி. "நீ அசந்து தூங்கிட்டு இருந்தே. குளிர் ஜாஸ்தியா இருக்கு, குடிலை நான் பாத்துக்கறேன், அவளை எழுப்பாதேன்னாரு. பாவம், கோபத்தை மறந்துட்டு வந்திருக்காரேன்னு சாவியைக் குடுத்தேன்."

நான் செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

அண்ணன் என் குடில் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான், சாவியை விரலில் மாட்டிச் சுழற்றியபடி. முகமெல்லாம் பெருமை. பக்கத்தில் அண்ணி. கையில் என்றைக்கும் போடாத கையுறை போட்டிருந்தாள். அந்த நேரத்தில் அதைப் பற்றி நினைக்க எனக்குப் பொழுதில்லை.

"நான்தான் மூடினேன். ரெண்டு விசிறியையும் நிறுத்திட்டேன். என்னதான் வாயாடினாலும் என் தங்கச்சி இல்லையா, உன் பயிர் போறதைப் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? அந்தப் பின்னாடி ஜன்னல் மட்டும் அசையவே மாட்டேங்குது. முதல்ல அந்த வெல்டரைப் பிடிச்சு அதைச் சரிபண்ணு."

நான் வாயைத் திறந்தேன். பஞ்சு. வாயாடி, வாயாடி என்று வாழ்க்கை முழுக்கப் பட்டம் வாங்கினேன், திட்ட வேண்டிய ஒரே நாளில் வாயில் பஞ்சு! "ஊ... ஊ..." என்று ஏதோ வந்தது. அண்ணன் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு, "பரவால்ல பரவால்ல" என்று சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனான்.

கதவைத் திறந்தேன். முன்பாதியில் மழை பெய்துகொண்டிருந்தது என்றே சொல்ல வேண்டும். தாளின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர். ஒவ்வொன்றாகக் கனத்து, கீழே, இலை மேல். எந்த இலையைத் தொட்டாலும் மணிக்கட்டுவரை நனைந்தது. கண்ணாடியில் பார்த்த அந்த மெல்லிய முளைகள் என் கண் முன்னாலேயே எல்லா இலையிலும் நீண்டுகொண்டிருப்பது போலத் தோன்றி எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை. பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ரத்தத்தைத் துப்பிவிட்டு, ஜன்னலைச் சுற்றித் திறந்தேன். விசிறியைப் போட்டேன். கொடி ஏறியிருக்கும் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டி இலையிலிருந்த நீரை உதறினேன். காயுங்கள், காயுங்கள், உள்ளே நுழைவதற்குள் காய்ந்து தொலையுங்கள் என்று மனதுக்குள் கத்திக்கொண்டே ஓடினேன். ஆனால் இரவு முழுக்க நனைந்திருந்தது. நேரம் கடந்துவிட்டது என்று எனக்கே தெரியும்.

திரையை விலக்கிப் பின்பாதிக்குப் போனேன். வளைந்த ஜன்னல் வானத்தைப் பார்த்துப் பல்லை இளித்துக்கொண்டிருந்தது. இலையைத் தொட்டேன். கை நனையவில்லை. இன்னொன்றைத் தொட்டேன், அதுவும் உலர்ந்துதான் இருந்தது. அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்து, "ஏதாவது தப்பா பண்ணிட்டேனா?" என்று கேட்டார். எனக்கு அப்போது வாய் கொஞ்சம் திரும்பியிருந்தது. மீதியை நான் இங்கே எழுதவில்லை.

அடுத்து வந்த நாட்கள் நரகம். தினமும் முன்பாதி இலைகளை வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பிடித்துத் தேடுவேன். ஒன்றுமில்லை. மறுநாளும் ஒன்றுமில்லை. பிழைத்துவிட்டோமோ என்று ஆசை வந்தது. ஒரு வாரம் போயிருக்கும், ஒரு காலையில் வெளிறிய ஊசிப்புள்ளிகளைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு என்று இல்லை, வரிசை முழுக்க. அடுத்த சில நாளில் அவை வெடித்துப் பொடி கொட்டத் தொடங்கின. பின்பாதிக்குப் போய் ஒவ்வொரு கொடியாகப் புரட்டினேன். மேலும் கீழும் புரட்டினேன். ஒரு புள்ளி இல்லை.

வீட்டுக்காரர் குடிலுக்குள் வந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"யாருக்கும் தெரியாது. புள்ளி விழுந்த இலையை மட்டும் பறிச்சு எரிச்சுடலாம். நானும் கூடமாட நிக்கறேன். சாவியும் தப்பிக்கும்."

நல்ல மனிதர், என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். ஆனால் எனக்குள் ஏதோ பொங்கிக்கொண்டு வந்தது.

"ஒளிச்சு வச்சா ஊரு பூரா மூடிக்கிட்டேதான் இருக்கும். எல்லாக் குடிலும் போகும். நான் ஏன் ஒளிக்கணும்? திருடினேனா? போய்த் தலைவரைக் கூட்டிட்டு வாங்க. அண்ணனையும் அண்ணியையும் கூப்பிடுங்க. துரு வந்துருக்குன்னு நானே சொன்னேன்னு சொல்லுங்க."

"சாவி?"

"கூப்பிடுங்கன்னேன்ல!"

அவர்கள் வந்தார்கள். அண்ணன் முன்னால் வந்தான். வாசலிலேயே கையை நீட்டினான்.

"ஒரு புள்ளின்னு சொன்னே. வார்த்தை வார்த்தையா இருக்கணும். என் குடிலுக்கெல்லாம் உன் ஜன்னல் வழியா என்னென்ன பறந்து வந்துதோ தெரியல. சாவியைக் குடு."

"தர்றேன். முதல்ல உள்ள வா."

தலைவர் எப்போதும் தோளில் ஒரு வெள்ளைத் துண்டு போட்டிருப்பார். அதைக் கேட்டேன். தயங்கிக் கொடுத்தார். இரண்டாகக் கிழித்தேன். "ஏம்மா, புதுத் துண்டும்மா!" என்றார். ஒரு பாதியை அவர் கையிலேயே கொடுத்தேன்.

"இந்த இலையைத் துடைங்க தலைவரே. அடிப்பக்கம்."

துடைத்தார். துண்டில் பழுப்பாக ஒரு கோடு விழுந்தது. அடுத்த கொடி, அதற்கடுத்த கொடி. துண்டு துருப்பிடித்த தகரம் மாதிரி ஆகிவிட்டது. அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே, "அதான் சொன்னேனே, அதான் சொன்னேனே" என்றான்.

திரையை விலக்கினேன். "இப்போ இந்தப் பக்கம் வாங்க. இந்தாங்க, மீதித் துண்டு."

தலைவர் ஒரு இலையைத் துடைத்தார். துண்டைப் பார்த்தார். இன்னொரு இலையைத் துடைத்தார். நான் காட்டாத ஒரு மூலைக்கு அவராகவே போய் அங்கேயும் துடைத்தார். குனிந்து தரையோடு இருந்த இலையைக்கூட விடவில்லை. துண்டில் லேசான பச்சைக் கறை மட்டும்.

"இது வேற விதையா?" என்று கேட்டார்.

"ஒரே பையில இருந்த விதை. ஒரே நாள் போட்டது. ஒரே தண்ணி. நடுவுல இந்தத் திரை மட்டும்தான். மேல பாருங்க தலைவரே. அந்த ஜன்னல் மழை விட்டதுலேர்ந்து மூடினதே இல்ல. ஊர்ல இருக்கற துருப்பொடி எல்லாம் முதல்ல இதுக்குள்ளதான் வந்து விழுந்திருக்கணும். விழுந்துதான் இருக்கும். முளைக்கத் தண்ணி கிடைக்கல, கிடந்து செத்துப்போச்சு. முன்னாடி ஜன்னலும் தினம் திறந்துதான் இருந்துச்சு. ஒரே ஒரு ராத்திரி மூடி இருந்துச்சு. அந்த ஒரு ராத்திரி போதும்னு அன்னிக்கே டாக்டரம்மா சொன்னாங்க, நீங்க கொறட்டை விட்டுட்டு இருந்தீங்க."

தலைவர் நிமிர்ந்தார். "ஒரு ராத்திரி மூடி இருந்துதா? யாரு மூடினது? நீதான் மூடவே மாட்டேன்னு சண்டை போட்டியே."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் மேலே அந்த வளைந்த கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் வாயில் பஞ்சு இல்லை, சொல்லியிருக்கலாம். என் அண்ணன் என்பதால் கொஞ்சம் பொறுத்தேன். அவனே சொல்லட்டும் என்று நினைத்தேன்.

"இவருதான்."

அண்ணியின் குரல். அந்தக் குரலை நான் கூட்டத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை. அண்ணனும் கேட்டதில்லை போலிருக்கிறது, திடுக்கிட்டுத் திரும்பினான்.

"இவருதான் மூடினாரு தலைவரே. எங்க குடிலை மூடின மாதிரியே. எங்களுக்கு எப்பவோ வந்துடுச்சு. இவளுக்கு வர்றதுக்கு முன்னாடியே வந்துடுச்சு. யாருக்கும் தெரியக்கூடாதுன்னு தினம் காலையில என்னைத்தான் இலை பறிக்கச் சொல்றாரு." சொல்லிக்கொண்டே அவள் கையுறையைக் கழற்றினாள். விரல் நுனிகள், நகக்கண்கள், உள்ளங்கை ரேகை எல்லாம் பழுப்பு. "சோப்பு போட்டாலும் போகல. பறிக்கப் பறிக்க வந்துக்கிட்டே இருக்கு. விடிஞ்சா உள்ள மழை மாதிரி சொட்டுது. ஜன்னலைத் திறங்கன்னு சொன்னேன். உனக்கென்ன தெரியும்னாரு."

அண்ணனுக்கு முகம் செத்துப்போயிற்று. "நான் நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்றான், யாரையும் பார்க்காமல்.

"எனக்குத் தெரியும்ணே" என்றேன். "அதான் என்னால தாங்க முடியல. கெட்டதுக்குச் செஞ்சிருந்தா கதவைச் சாத்திட்டுப் போயிருப்பேன். நல்லதுக்குன்னு சொல்லிச் சொல்லித்தானே நீ எல்லாத்தையும் பூட்டறே? அப்பா குடுத்ததைப் பூட்டப் பாத்தே, கைப்பிடியைப் பூட்டினே, அண்ணி வாயையும் பூட்டி வச்சே. ஒரு தடவையாவது யாரையாவது கேட்டியா?"

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "உத்தரவு உத்தரவுதானேம்மா. துரு வந்த கொடியைப் பிடுங்கித்தான் ஆகணும்."

"முன்பாதியை நானே பிடுங்கறேன். இன்னிக்கே, உங்க கண்ணு முன்னாடியே. பின்பாதியைத் தொடக்கூடாது. அந்த ஜன்னலையும் மூடமாட்டேன். உத்தரவை நீங்கதான் மாத்திப் போடணும்."

தலைவர் கையிலிருந்த இரண்டு துண்டையும் பார்த்தார். பழுப்பை ஒரு பக்கமும் வெள்ளையை ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்குக் கடைசியாகப் பேசியது நான்தான், ஆனால் அவர் அதற்காகத் தலையாட்டியதாக எனக்குத் தோன்றவில்லை.

"இன்னிக்குச் சாயங்காலத்துலேர்ந்து எல்லாரும் திறந்து வைக்கச் சொல்றேன்" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. முன்பாதியில் பூவும் பிஞ்சுமாக நிற்கிற கொடிகளை நானே பிடுங்க வேண்டும். ஒரு கொடியை எடுத்துப் பிடித்தேன், அடிவேர் சத்தத்தோடு அறுந்து வந்தது. பொடி பறந்து என் சட்டையெல்லாம் பழுப்பானது. வீட்டுக்காரர் அடுத்த வரிசையில் குனிந்தார்.

அண்ணன் போகவில்லை. வாசலிலேயே நின்றான். அவன் கை இன்னும் பாதி நீட்டியபடியே இருந்தது, அதை மடக்க மறந்துவிட்டான் போலிருக்கிறது.

"சாவி கேட்டேல்ல?" என்று அவனிடம் போனேன். சாவிக்கொத்தை எடுத்து என் இடுப்பிலேயே செருகிக்கொண்டேன். முன்பாதி ஜன்னலில் மாட்டியிருந்த கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு வந்து அவன் முன்னால் நீட்டினேன். எல்லாக் குடிலுக்கும் ஒரே ஆள் செய்து கொடுத்த கைப்பிடிதான், எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

"சாவி தரமாட்டேன். வார்த்தை மாறிட்டான்னு ஊரெல்லாம் சொல்லிக்கோ. இதை வேணும்னா எடுத்துக்கோ. இந்தப் பாதியில இனிமே காப்பாத்த ஒண்ணும் இல்ல. உன் குடில்ல இன்னும் கொஞ்சம் பச்சை மிச்சம் இருக்கும். போய்த் திற."

அவன் கைப்பிடியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கையை எடுத்துக்கொண்டு பின்னால் கட்டிக்கொண்டான்.

"பீரோ சாவி என்கிட்டதான் இருக்கு. எப்போ திறக்கணும்னு எனக்குத் தெரியும்" என்றான்.

என் கையிலிருந்து கைப்பிடி போயிற்று. அண்ணி எடுத்துக்கொண்டாள். பழுப்பு விரல்களால் அதை இறுகப் பிடித்துக்கொண்டு, அவனைத் தாண்டி, தலைவரைத் தாண்டி, வேலியோரமாக நடந்தாள். கையுறை இரண்டும் என் வாசலிலேயே கிடந்தன. "ஏய், எங்க போறே?" என்று அண்ணன் கூப்பிட்டான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் அடுத்த கொடியைப் பிடித்து இழுத்தேன். கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம், எண்ணெய் காணாத கம்பி கிரீச்சிடுகிற சத்தம் கேட்டது. ஒரு ஜன்னல் திறந்தது. பிறகு அடுத்தது.